செத்தவனைப் படையில் சேர்த்தல்

போரில் செத்தவன் எழுந்து வருவது பழைய கற்பனை. எழுந்து வந்தவன் என்ன செய்கிறான் என்பதில்தான் அவனை எழுப்பியவர்கள் தங்களைக் காட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். எழுந்தவன் உயிரோடிருப்பவர்களைப் பார்த்துக் கேள்வி கேட்கலாம். அல்லது, கொடுத்த ஆயுதத்தை வாங்கிக் கொண்டு மறுபடியும் வரிசையில் போய் நிற்கலாம். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. அது நம்முடையது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இங்கே பேச எடுத்துக் கொண்டிருப்பது இரண்டாவது வழியில் போன ஒரு தமிழ்ப் படம். ஏ. ஆர். முருகதாஸ் இயக்கி 2011 தீபாவளிக்கு வெளியான '7ஆம் அறிவு'. ஏமாற்றம் என்று சொல்ல முதலில் ஓர் எதிர்பார்ப்பு இருந்திருக்க வேண்டும். நமது வியாபார சினிமாவிடம் எதிர்பார்ப்பதை நான் எப்போதோ விட்டாயிற்று. ஆனாலும் இந்தப் படத்தின் முதல் இருபது நிமிடங்களில் தமிழ் சினிமா அதுவரை தொட்டிராத ஒன்று தென்பட்டது. தென்பட்ட வேகத்திலேயே மறைந்தும் போயிற்று. அது ஏன் மறைந்தது என்ற கேள்வி அந்தப் படத்தோடு முடிகிற கேள்வியாக எனக்குப் படவில்லை. அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

1

முதல் உலக யுத்தத்தின் முடிவில், ஓராண்டு இடைவெளிக்குள், இரண்டு கலைஞர்கள் செத்த சிப்பாயை எழுப்பினார்கள். ஒருவர் ஜெர்மனியில், ஒருவர் பிரான்சில். போர்முனையின் எதிரெதிர்ப் பக்கங்களில் இருந்தவர்கள்.

1918இல் பெர்டோல்ட் ப்ரெக்டுக்கு வயது 20. அந்த ஆண்டின் இறுதியில் ஆக்ஸ்பர்க் ராணுவ மருத்துவமனையில் பணி செய்தவர். செத்த சிப்பாயைப் பற்றிய அவருடைய கதைப்பாடல் அந்த ஆண்டில் பிறந்தது. யுத்தம் முடிகிற வழியாக இல்லை. சிப்பாய் சலித்துப் போய்ச் செத்துவிடுகிறான். மன்னருக்கு அது சம்மதமில்லை. மருத்துவக் குழு இடுகாட்டுக்குப் போய் அவனைத் தோண்டி எடுத்து, பரிசோதித்து, போருக்குத் தகுதியானவன் என்று சான்றளிக்கிறது. நாற்றத்தை மறைக்கப் பாதிரியார் தூபம் போட, வாத்தியங்கள் முழங்க, அவனை ஊர் ஊராக நடத்திக் கொண்டு போகிறார்கள். இத்தனை கூட்டத்தில் அவன் முகத்தை யாரும் பார்க்கவில்லை. அந்தக் கடைசி நாட்களில் ஜெர்மன் ராணுவம் நோயாளிகளையும் அங்கஹீனர்களையும் அப்படித்தான் 'தகுதி' பார்த்து அனுப்பிக் கொண்டிருந்தது. ப்ரெக்ட் கற்பனையில் ஒரே ஒரு அடிதான் கூடுதலாக வைத்தார். அந்த ஓர் அடியை நாஜிகள் மறக்கவில்லை. 1935இல் அவருடைய குடியுரிமையைப் பறித்தபோது இந்தப் பாடலும் அவர் மேல் சொல்லப்பட்ட குற்றங்களில் ஒன்று.

பிரான்சில் ஏபெல் கான்ஸ். 1919இல் வெளியான அவருடைய 'நான் குற்றஞ்சாட்டுகிறேன்' என்ற மௌனப் படத்தின் முடிவில் போர்க்களத்துப் பிணங்கள் எழுந்து தங்கள் ஊர்களை நோக்கி நடக்கின்றன. தாங்கள் செத்ததற்கு ஏதாவது பொருள் இருக்கிறதா, வீட்டில் இருப்பவர்கள் அதற்குத் தகுதியாக நடந்து கொண்டார்களா என்று பார்க்க வருகிறார்கள். கள்ளக் கணக்கு எழுதியவனும், துரோகம் செய்தவளும், செத்தவனின் பணத்தில் கொழுத்தவனும் ஜன்னல் வழியே அவர்களைப் பார்த்து நடுங்குகிறார்கள். பிணங்களாக நடித்தவர்கள் நிஜச் சிப்பாய்கள். வெர்தூன் போர்முனையிலிருந்து சில நாள் விடுப்பில் வந்தவர்கள். விடுப்பு முடிந்து திரும்பிப் போனவர்களில் பெரும்பாலோர் சில வாரங்களுக்குள் இறந்து போனதாகக் கான்ஸ் பின்னால் சொல்லியிருக்கிறார். அந்தக் கூட்டத்தில் கவிஞர் ப்ளேஸ் சாந்த்ராரும் இருந்தார். யுத்தத்தில் வலது கையை இழந்தவர். பிணமாக நடிக்க அவருக்கு ஒப்பனை அதிகம் தேவைப்பட்டிருக்காது. 1938இல், அடுத்த யுத்தம் வாசலில் நிற்கும்போது, கான்ஸ் அதே கதையை மறுபடி எடுத்தார். இம்முறை எழுந்து வந்தவர்கள் முகம் சிதைந்த முன்னாள் சிப்பாய்கள். அவர்களுக்கு ஒப்பனையே தேவைப்படவில்லை.

பிறகு வந்தவையெல்லாம் இந்த இரண்டின் வம்சம். ஒன்றில் செத்தவன் சாட்சி. மற்றதில் செத்தவன் பணியாள். ப்ரெக்ட் பணியாளைக் காட்டியது கேலிக்காக. சினிமா வியாபாரம் அந்தக் கேலியைக் கழித்துவிட்டு, பணியாளை மட்டும் எடுத்து வைத்துக் கொண்டது.

2

ப்ரெக்டின் பாடலைக் கேலியே இல்லாமல் படமாக எடுத்தால் எப்படி இருக்கும் என்பதற்கு 1992இல் வந்த 'யூனிவர்சல் சோல்ஜர்' உதாரணம். எடுத்தவரும் ஒரு ஜெர்மானியர்தான். ஹாலிவுட்டுக்குப் போன ரோலண்ட் எமரிக்.

1969, வியட்நாம். ஒரு கிராமத்து மக்களைத் தன் சார்ஜெண்ட் கொன்று போட்டிருப்பதை ஒரு சிப்பாய் பார்க்கிறான். செத்தவர்களின் காதுகளை அறுத்து மாலையாகப் போட்டுக் கொண்டிருக்கிறான் சார்ஜெண்ட். தடுக்கப் போய் இருவரும் ஒருவரையொருவர் கொல்கிறார்கள். ராணுவம் இரண்டு உடல்களையும் பனிக்கட்டியில் வைத்துவிட்டு, குடும்பங்களுக்குக் 'காணாமற் போனார்கள்' என்று எழுதிவிடுகிறது. கால் நூற்றாண்டு கழித்து இருவரும் எழுப்பப்படுகிறார்கள். நினைவை அழிக்கும் மருந்து ஊசியாக ஏற்றப்படுகிறது. ஊசியின் வேகம் குறையும்போது நினைவு திரும்புகிறது.

இந்த இடம் வரையில் இது பெரிய படமாக ஆகியிருக்கக் கூடியது. மை லாய் படுகொலை நடந்தது 1968இல். அந்தக் கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டவர் ஒரே ஒரு லெப்டினண்ட். அவரும் சில ஆண்டு வீட்டுக் காவலோடு வெளியே வந்தவர். கொன்றவனும் தடுத்தவனும் ஒரே மாதிரி எழுப்பப்பட்டு, ஒரே சீருடையில், ஒரே அதிகாரியின் கீழ் நிற்கிறார்கள் என்பதை விடக் கூர்மையாக அந்த யுத்தத்தைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்? ஆனால் படம் அதைச் சொன்னது தனக்கே தெரியாதது போல் ஓடத் தொடங்குகிறது. மீதியெல்லாம் லாரித் துரத்தல், பெட்ரோல் பங்க் வெடிப்பு, கடைசியில் பண்ணை வீட்டு முற்றத்தில் அறுவடை இயந்திரம். கொன்றவன் இயந்திரத்தில் அரைபட்டுச் சாகிறான். ஒரு கெட்டவன் செத்தான். ஆகவே ஒரு யுத்தத்தின் கணக்கு முடிந்தது. செத்த கிராமத்தார் படத்துக்குள் திரும்பி வருவதேயில்லை. எழும் உரிமை அவர்களுக்குக் கிடையாது.

1991 மார்ச்சில், வளைகுடா யுத்தம் முடிந்த கையோடு, வியட்நாம் என்ற நோயிலிருந்து அமெரிக்கா விடுபட்டுவிட்டதாக ஜார்ஜ் புஷ் அறிவித்தார். அடுத்த ஆண்டு இந்தப் படம். தோற்ற யுத்தத்தின் பிணத்தை எழுப்பி, அதன் நினைவைக் கழுவி, ஜெயிக்கக் கூடிய சண்டை ஒன்றைக் கொடுத்து அனுப்புவது. படத்தின் விஞ்ஞானம் போலி. அந்தச் செய்முறை போலி இல்லை. அமெரிக்கா நிஜத்தில் செய்து பார்த்துக் கொண்டிருந்தது அதைத்தான். 1999இல் வந்த தொடர்ச்சிப் படத்தில் அந்தப் பழைய கேள்வியின் வாசனை கூட இல்லை.

3

'7ஆம் அறிவு' வெளிவந்ததும் ஒரு யுத்தம் தோற்று இரண்டு ஆண்டுகளில். 2009 மே மாதம் முள்ளிவாய்க்காலில் ஈழப் போர் முடிந்தது. 2011 ஏப்ரலில், இறுதி மாதங்களில் 40,000 வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. பொதுச் செயலாளர் அமைத்த நிபுணர் குழுவின் அறிக்கை சொன்னது. தமிழ்நாட்டில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் ஒன்றும் செய்யாதிருந்தோம் என்பதும் தெரியும். அந்த மௌனத்தின் மேல் வந்து விழுந்தது இந்தப் படம். ஈழத் தோல்வியைச் சாடையாகச் சொல்லும் வசனம் ஒன்று அதில் உண்டு. அந்த வசனத்துக்குத் தியேட்டர்களில் எழுந்த கைதட்டலைச் சாதாரணக் கைதட்டலாக எடுத்துக் கொள்ள முடியாது.

கதை இது. காஞ்சிப் பல்லவ இளவரசன் போதிதருமன் சீனா போகிறான். கொள்ளை நோயிலிருந்து ஒரு கிராமத்தைக் காப்பாற்றுகிறான், எதிரிகளை விரட்டுகிறான், கலைகளைக் கற்றுத் தருகிறான். அவன் ஊர் திரும்ப நினைக்கும்போது, அவன் உடல் தங்கள் மண்ணில் புதைந்திருந்தால் நோய் அண்டாது என்று நம்பும் கிராமத்தார் அவனுக்கு விஷம் கலந்த உணவைத் தருகிறார்கள். தெரிந்தே உண்கிறான். அங்கேயே புதைக்கப்படுகிறான். பிறகு இன்றைய சென்னை. சீனாவிலிருந்து கிருமியோடு ஒருவன் வருகிறான். மரபணு ஆராய்ச்சி மாணவி ஒருத்தி போதிதருமனின் வம்சத்தில் வந்த சர்க்கஸ் கலைஞனைக் கண்டுபிடித்து, அவனுக்குள் உறங்கும் முன்னோனை எழுப்புகிறாள். எழுந்தவன் சீனனை அடித்து வீழ்த்திவிட்டு, நாம் மறந்த அறிவைப் பற்றிப் பேட்டி கொடுக்கிறான்.

நான் தென்பட்டதாகச் சொன்னது அந்த விஷச் சோறு. அன்பினால் கொல்வது, காவலுக்காகப் புதைப்பது, அதைப் புரிந்து கொண்டு சாப்பிடுவது. இவற்றை ஒரு வியாபாரப் படத்தின் தொடக்கத்தில் பார்ப்பேன் என்று நான் நினைக்கவில்லை. நம் கிராம தெய்வங்களில் எத்தனையோ பேர் இப்படிக் கொல்லப்பட்டுப் பிறகு கும்பிடப்பட்டவர்கள்தாம். படத்துக்கு இந்தப் பொறி எங்கிருந்தோ கிடைத்திருக்கிறது. ஆனால் அது ஏன் அவன் உண்டான் என்று யோசிக்க நிற்கவில்லை. அவன் ரத்தம் யாருக்குள் ஓடுகிறது என்று தேடப் போய்விட்டது.

போதிதருமரைப் பற்றிச் சரித்திரம் சொல்வது சொற்பம். ஆகப் பழைய குறிப்பு 547இல் யாங் ஷுவான்சி என்பவர் லோயாங் நகரத்துப் பௌத்த மடங்களைப் பற்றி எழுதிய நூலில் இருக்கிறது. அதில் அவர் மேற்கிலிருந்து வந்த பாரசீகத் துறவி; ஒரு கோபுரத்தின் அழகைக் கண்டு வியந்து நின்ற முதியவர். தென்னிந்திய அரசன் ஒருவனின் மூன்றாவது மகன் என்று சொல்வது டான்லின் எழுதிய முன்னுரை. சண்டைக் கலையை அவரோடு இணைத்தது 17ஆம் நூற்றாண்டில், அவர் பெயரைச் சொல்லிப் பரவிய 'யிஜின் ஜிங்' என்ற தேகப் பயிற்சி நூல். அந்த இணைப்பு பிற்காலப் புனைவு என்று ஆராய்ச்சியாளர்கள் காட்டியிருக்கிறார்கள். சீன மரபு அவரைப் பெரிதும் நினைவு வைத்திருப்பது ஒன்பது ஆண்டுகள் சுவரைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருந்தவராக.

ஆக, நாம் எழுப்பியது ஒரு படைவீரனைக் கூட இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு துறவியை இழுத்து வந்து படையில் சேர்த்தோம். ப்ரெக்டின் மருத்துவக் குழு இவ்வளவு தூரம் போகவில்லை. அவர்கள் தோண்டியது ஒரு சிப்பாயையாவது.

மரபணு என்ற கற்பனையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் இருப்பது பள்ளிப்பட்டில். 1960 ஏப்ரல் 1 அன்று எல்லைத் திருத்தச் சட்டத்தின்படி திருத்தணியோடு சேர்ந்து சென்னை மாகாணத்துக்கு வந்த பகுதி. அதற்கு முந்தின நாள் வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டம். ம. பொ. சி.யின் வடக்கெல்லைப் போராட்டத்தின் பலன். இங்கே தறி ஓட்டுகிறவன் ஒரே மூச்சில் இரண்டு பாஷை பேசுவான். கொஞ்ச தூரம் போனால் நகரி, ஆந்திரம். இந்தப் படம் தெலுங்கிலும் குரல் மாற்றி வெளிவந்தது. இங்கே தமிழ் ரத்தத்தின் பெருமையாக விற்ற அதே உடம்பும் அதே உதைகளும் எல்லைக் கல்லைத் தாண்டியதும் வேறு வாயசைப்பில் ஓடின. முற்காலப் பல்லவர் செப்பேடுகளோ பிராகிருதத்தில் இருக்கின்றன. சிவஸ்கந்தவர்மன் காஞ்சியிலிருந்து அனுப்பிய ஆணை ஒன்று இன்றைய குண்டூர்ப் பக்கத்து மயிதவோலுவில் கிடைத்தது. இந்த ரத்தத்தை எந்தப் பாஷைக்குப் பட்டா போடுவது? ரத்தத்தில் சரித்திரத்தைத் தேடுகிறவன் சரித்திரத்தைப் படிக்க வேண்டிய வேலையிலிருந்து தப்பித்துக் கொள்கிறான். படத்தில் ஊசியும் மின்சாரமும் செய்வது அதைத்தான். நினைவு என்பது உழைத்துப் பெற வேண்டியதாக இல்லாமல், உடம்பிலேயே கிடப்பதாக ஆகிவிடுகிறது.

4

மூன்றாவது வழிக்கு வருகிறேன்.

செங்கம் பகுதியில் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு; அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. பாண அரசர் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரின் சேவகன், கருந்தேவகத்தி என்பவன், எருமைகளைக் காக்கப் போய் இறந்தான். கல்லில் அவனோடு ஒரு நாய். அதற்கும் தனியாக எழுதியிருக்கிறார்கள்: பெயர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காத்து நின்றது. பல்லவப் பேரரசன் ஒருவன் கட்டிய குகைக் கோயில்களையும், எழுதிய நாடகத்தையும் பற்றி நமக்குத் தெரியும். அவன் ஆட்சியில் எருமைக்காகச் செத்த ஒரு சேவகனின் பெயரும், அவன் நாயின் பெயரும் அதே அளவு துல்லியமாகத் தெரிகிறது. இரா. நாகசாமி பதிப்பித்து 1972இல் தமிழக அரசு தொல்பொருள் துறை வெளியிட்ட செங்கம் நடுகற்கள் தொகுதியைப் புரட்டினால் இப்படி ஆள் மேல் ஆளாக வந்து கொண்டிருப்பார்கள். ஆண்டு, அரசன், ஊர், என்ன சண்டை, யாருடைய ஆள், பட்டான். வீரத்தைப் பற்றி ஒரு பெரிய வார்த்தை இருக்காது.

தொல்காப்பியம் கல் நடுவதற்கு ஆறு படிகள் சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து. கல்லைத் தேடுவதில் தொடங்கி வாழ்த்துவதில் முடிகிறது. இந்த ஆறில் எங்கும் அவனை எழுப்புவது இல்லை. கல் நிற்கிறது, அவன் செத்தே இருக்கிறான். தெலுங்கில் 'வீரகல்லு', தர்மபுரி, செங்கம் பக்கங்களில் வேடியப்பன். அவனுக்குப் பொங்கல் வைப்பார்கள், காவலாக இருக்கச் சொல்லிக் கும்பிடுவார்கள். அடுத்த போருக்கு அவனைக் கூப்பிட மாட்டார்கள்.

கல்லோடு இன்னொன்றும் உண்டு. ஊருக்காகப் பட்டவனின் குடும்பத்துக்கு நிலம் விடுவது. கல்வெட்டுகள் அதை உதிரப்பட்டி என்கின்றன. ரத்தத்தைப் பற்றி நம் முன்னோர் யோசித்த விதம் இது. வம்சத்துக்குள் ஒளிந்திருக்கும் சக்தியாக அவர்கள் அதைப் பார்க்கவில்லை. உயிரோடிருப்பவர்கள் அடைக்க வேண்டிய கடனாகப் பார்த்தார்கள். நடுகல் அந்தக் கடனுக்கு எழுதிக் கொடுத்த பத்திரம். கான்ஸின் பிணங்கள் ஊருக்குத் திரும்பி வந்து கேட்டதும் அதுதான். இங்கே கேட்க எழுந்து வர வேண்டிய அவசியம் இருக்கவில்லை.

நான் பழமையைக் கொண்டாடவில்லை. மாடு கவர்ந்ததும் மாடு மீட்டதும் பெரிய தர்ம யுத்தங்கள் இல்லை. செத்தவர்களில் பலர் யாரோ ஒரு சிற்றரசனின் ஆசைக்குச் செத்தவர்கள். ஆனால் கல் அதை மறைக்கவில்லை. எருமை என்றால் எருமை என்று எழுதியது. இருபதாம் நூற்றாண்டுப் பேரரசுக்கு இந்த நேர்மை இருக்கவில்லை. முதல் உலக யுத்தத்தில் தனக்காகச் செத்த குறைந்தது 1,16,000 பேருக்கு, பெரும்பாலும் ஆப்பிரிக்கரும் மேற்காசியரும், பெயர் சொல்லி நினைவுச் சின்னம் வைக்கப்படவில்லை என்று காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021இல் ஒப்புக்கொண்டது.

5

நடுகல் மரபு நம் காலத்தில் ஓரிடத்தில் உண்மையாகவே திரும்பி வந்தது. ஈழத்தில் விடுதலைப் புலிகள் 'துயிலும் இல்லம்' என்று பெயர் வைத்துச் செத்தவர்களுக்கு வரிசையாகக் கல் வைத்தார்கள். புதைத்தல் என்று சொல்லாமல் விதைத்தல் என்றார்கள். 1989 முதல் நவம்பர் 27 மாவீரர் நாள். மரபின் பலம் அங்கே இருந்தது. மரபிலிருந்து விலகலும் அங்கேயே இருந்தது. விதைத்தால் முளைக்க வேண்டும். விதை என்று சொன்ன உடனேயே செத்தவன் அடுத்தவனை அழைக்கிறவனாகிவிடுகிறான். எத்தனையோ வீடுகளிலிருந்து பதினாறு வயது நிரம்பாதவர்களையும் அந்த அழைப்பு கொண்டு போயிற்று. எல்லாக் கல்லும் ஒரே அளவு, ஒரே வடிவம், இயக்கம் வைத்த பெயர். எருமையா, நிலமா, எந்தத் தளபதியின் எந்தத் தவறு என்று எழுத அங்கே இடம் இருக்கவில்லை. ஆனாலும் அவை ஒவ்வொரு தாய்க்கும் தன் பிள்ளையின் கல். ராணுவம் அவற்றை இடித்துத் தள்ளியது. கோப்பாயில் துயிலும் இல்லம் இருந்த இடத்தில் 2011இல் 51ஆவது டிவிஷனின் தலைமையகம் திறக்கப்பட்டது.

அதே 2011. அங்கே கல் இருந்த இடத்தில் முகாம். இங்கே தீபாவளிக்கு ஆறாம் நூற்றாண்டு வீரன் எழுந்து சீனனை உதைக்கிறான். இதைத் தற்செயல் என்று என்னால் விட முடியவில்லை. நமக்கு மிக அருகில், மிகச் சமீபத்தில் செத்தவர்களைப் பார்க்கத் துணிவில்லாதபோது, மிகத் தொலைவில், மிகப் பழமையில் செத்தவனை எழுப்பினோம். முள்ளிவாய்க்காலில் செத்தவன் எழுந்தால் கேட்பதற்கு அவனிடம் கேள்விகள் இருக்கும். சென்னையைக் கேட்க வேண்டியவை, தில்லியைக் கேட்க வேண்டியவை, தன் இயக்கத்தையே கேட்க வேண்டியவை. போதிதருமனிடம் கேள்வி கிடையாது. அவன் நம்மைப் பாராட்டத்தான் வருகிறான். மஞ்சளும் சாணமும் விஞ்ஞானம் என்று சொல்லிவிட்டுப் போகிறான். படம் பார்த்தவன் கடனில்லாதவனாக வெளியே வருகிறான். இந்த ஏமாற்றத்தைத் திரைக்கதைக் குறை என்று சொல்லி ஒதுக்குவது, அந்தக் கடனை இரண்டாம் முறையும் மறுப்பதாகும்.

2013 நவம்பரில் தஞ்சாவூருக்கு அருகே விளாரில் முள்ளிவாய்க்கால் முற்றம் திறக்கப்பட்டது. கல்லில் செதுக்கிய நினைவுச் சின்னம். சில நாட்களிலேயே அதன் சுற்றுச் சுவரை அதிகாரிகள் இடித்தார்கள். திரையில் எழுந்தவனுக்குத் தீபாவளி. கல்லில் நின்றவர்களுக்குப் புல்டோசர். எழுந்து சண்டை போடும் பிணத்தைக் கண்டு எந்த அரசுக்கும் பயமில்லை. பெயரோடு சும்மா நிற்கும் கல்லைக் கண்டுதான் பயம்.

2017 பிப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில், காணாமற் போன பிள்ளைகளின் படங்களைக் கையில் வைத்துக் கொண்டு தாய்மார்கள் சாலையோரத்தில் உட்கார்ந்தார்கள். அந்தப் போராட்டம் ஆண்டுக் கணக்கில் நீண்டது. அவர்களில் யாரும் தன் பிள்ளை எழுந்து வந்து யாரையாவது வெல்ல வேண்டும் என்று கேட்கவில்லை. எங்கே, எப்போது, யார் கையில் என்று கேட்டார்கள். எடுத்தனூர்க் கல்லில் எழுதியிருப்பவையும் இந்த மூன்றும்தான்.